செருப்புகளுக்குப் பக்கத்தில் உன் இடம்

அடி மொச்சக்கொட்டை,

இன்று காலை உன் மகள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து, ஒரு பை நிறையப் புது மல்லாட்டை, தோல் உரிக்காத பச்சை வேர்க்கடலை, வைத்துவிட்டுப் போனாள். "எங்க கொல்லையில புடுங்கனது பெரிம்மா, அம்மா இருந்தா இந்நேரம் அடுப்புல ஏத்தியிருக்கும்" என்றாள். காயில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. அலசி, உப்புப் போட்டு வேகவைத்தேன். ஆவி கிளம்பியதும் வீடு முழுக்க நீதான். தேரடியில் கூடையோடு குந்திக்கொண்டு, அந்தப் பெரிய கண்ணை உருட்டி, எதிர்ப்பக்கம் கூடை வைத்திருக்கும் என்னைக் கூப்பிடுவாயே, அந்த நீ. அந்தக் கண்ணுக்காகத்தானே இந்தப் பேரையே வைத்தேன்.

அழத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது. தனியாக இருந்து சிரித்தேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். சரி, எழுதியே விடுவோம் என்று எடுத்தேன். என் எழுத்து உனக்குத் தெரியும், கொம்பு இருக்கும் இடத்தில் கால் இருக்கும். நீ அதுவும் படிக்காதவள், அதனால் குற்றம் சொல்ல மாட்டாய்.

அப்போது நம் வேதக்கோயிலில் பெஞ்சு வரவில்லை. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், ஜமக்காளம் விரித்துத் தரையில்தான். முன்னால் டீச்சர் வீட்டுக்காரர்கள், ஆபீஸ் வீட்டுக்காரர்கள். நடுவில் சபை மூப்பர் வீட்டம்மா, பட்டுப் புடவையில். கடைசியில் வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் நாம் இரண்டு பேர். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. நாம் கூடையை வெளியே வைத்துவிட்டு வருவோம், அதன்மேல் ஒரு கண் இருக்க வேண்டும், அதனால் அதுதான் நமக்கு வசதி.

புதிதாக வந்த பாஸ்டர் ஐயரு சின்ன வயசுக்காரர். பிரசங்கம் செய்யும்போது தொண்டை நடுங்கும். ஒரு வாரம் தாழ்மையைப் பற்றிப் பேசினார். விருந்துக்குப் போனால் ஓடிப்போய் முதல் இடத்தில் உட்காராதே, கடைசி இடத்தைத் தேடிப் போ என்று. நன்றாகத்தான் பேசினார். பாவம், ஜனங்கள் உடனே கேட்டு நடப்பார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு போனால் முன்னால் ஜமக்காளம் காலி! அத்தனை பேரும் பின்னால். மூப்பர் வீட்டம்மா உன் இடத்தில், பட்டுப் புடவையோடு, செருப்புகளுக்கு நடுவில்.

"நீங்க முன்னாடி போங்கக்கா."

"ஐயோ, நான் எம்மாத்திரம்? நீ போம்மா."

"நான் பாவிங்க, இங்கியே குந்திக்கிறேன்."

"நான் மட்டும் என்னா?"

இப்படி ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளியதில் நாம் படிக்கட்டுக்கே வந்துவிட்டோம். நீ என் காதில், "ஏண்டி, தாழ்மைக்கு இப்புடி அடிதடியா?" என்றாய். நான் முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன்.

ஆனால் அன்றைக்கு நமக்குச் சிரிக்கிற நாள் இல்லை. உன் மகளைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பையன் வீட்டார் வந்திருந்தார்கள். முன்னே வந்த இரண்டு இடம் கைவிட்டுப் போயிருந்தது. தெருவில் கூடை வைத்து விற்கிறவள் மகளா என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். இந்தப் பையனின் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்: குடும்பம் அடக்கமா இருந்தா போதும். அந்த வாரம் முழுக்க நீ சரியாகத் தூங்கவில்லை. "கர்த்தரே, இதையாவது முடிச்சுக் குடு" என்று கூடை முன்னால் உட்கார்ந்தே முணுமுணுத்தாய். அந்த அம்மா அன்றைக்கு நமக்கு இரண்டு ஆள் தள்ளி, கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஐயரு வந்து நின்றார். எதிரே வெறும் ஜமக்காளம். வேதத்தைத் திறந்தார், மூடினார். "யாராச்சும் கொஞ்சம் முன்னாடி வாங்களேன்" என்றார். ஒருவரும் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? எழுந்தால் பெருமைக்காரி என்று ஆகிவிடும். அவர் முகம் சிறுத்துப் போய்விட்டது.

நீ அவரையே பார்த்தாய். "பாவம்டி. காத்து இல்லாத களத்துல முறத்தைத் தூக்கிக்கினு நிக்கற மாதிரி நிக்கறாரு" என்றாய்.

எழுந்திரிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புடவையைப் பிடித்து இழுத்தேன். "குந்துடி! பையனோட அம்மா பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றாய். என் கையை விலக்கிவிட்டு எழுந்தாய்.

அத்தனை பேரையும் தாண்டிப் போய், முன்னால், நட்டநடுவில், மூப்பர் வீட்டம்மா உட்காரும் இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். "பாரு திமிரை" என்று பின்னால் கிசுகிசுத்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் உன் குரல்தான் பெரிதாகக் கேட்டது, சுருதி சேராமல். ஆனால் ஐயருக்கு முகத்தில் களை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவர் தொண்டை நடுங்காமல் பேசினார்.

ஆராதனை முடிந்து புங்க மரத்தடியில் நின்றோம். பையனின் அம்மா நேராக உன்னிடம் வந்தார்.

"எப்பவும் முன்னாடிதான் குந்துவீங்களா?"

"இல்லீங்க. செருப்புங்களுக்குப் பக்கத்துலதான். இன்னிக்கு ஐயரு தனியா நின்னாரு, அதான்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் எழுந்து போகணும்னுதான் இருந்துது. ஊர் என்னா சொல்லுமோன்னு கால் எழும்பல" என்றார். பிறகு, "பொண்ணும் உங்கள மாதிரிதானா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, அவ கொஞ்சம் நல்லவ."

மரத்திலிருந்த காக்கை பறந்துபோகும்படி அந்த அம்மா சிரித்தார். அன்றைக்கு ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை. ஊருக்குப் போய், அவர் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு வந்தார்.

நம் சபையில் மட்டும் உனக்கு 'முன்வரிசைக்காரி' என்று பேர் வந்துவிட்டது. அடுத்த வாரமே அவரவர் பழைய இடத்துக்குப் போய்விட்டார்கள், நீயும் செருப்புப் பக்கம் வந்துவிட்டாய். ஆனாலும் பேர் போகவில்லை. மூப்பர் வீட்டம்மா தேரடிக்கு வந்தால், "என்னா முன்வரிசை, மல்லாட்டை சூடா இருக்குதா?" என்பார். நீ சிரித்துக்கொண்டே படியைக் கோபுரமாக அளந்து, அதன்மேல் ஒரு கை ஜாஸ்தியாகவும் போடுவாய். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "நான் போய் சொல்லட்டுமா, நீ எதுக்குப் போனேன்னு?" என்று கேட்டேன்.

"வுடுடி" என்றாய். "எனக்குத் தாழ்மை இருக்குதுன்னு நீ போய் தண்டோரா போட்டா, அப்புறம் அது எங்க இருக்கும்?"

அந்த வார்த்தையும், அன்றைக்கு நீ எழுந்து போனதும் என்னோடுதான் இருக்கின்றன. போன கார்த்திகை தீபத்துக்கு மலை சுற்றிவந்த ஒரு கிழவர், கால் வெடித்து, கூட்டத்துக்கு நடுவில் தனியாகக் குந்தியிருந்தார். யார் என்ன சொல்வார்களோ என்று மனசு யோசிப்பதற்குள் என் கால் எழுந்து அவர் பக்கம் போய்விட்டது. அது என் கால் இல்லையடி, உன் கால்.

உன்னை அடக்கம் செய்த அன்று பெட்டியைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் தெரியுமா? எல்லாருக்கும் முன்னால், நட்டநடுவில். அழுதுகொண்டிருந்தவள் களுக்கென்று சிரித்துவிட்டேன். உன் மகள் திரும்பி முறைத்தாள். பிறகு அவளுக்கும் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினோம். பின்னாலிருந்தவர்கள் ஐயோ பாவம், எப்படி அழுகிறார்கள் என்று உச்சுக் கொட்டினார்கள்.

இப்போது பெஞ்சு வந்துவிட்டது. ஆனாலும் நான் வாசலோரம்தான் உட்காருகிறேன், பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு. மல்லாட்டை வெந்துவிட்டது, இறக்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே பரலோகத்திலும் பெரிய விருந்து என்கிறார்கள். ஆனால் அங்கே யாரும் செருப்பு போடுவதில்லையாமே. அப்போ நீ எங்கடி குந்தியிருக்கே?