ஊதிப் பார்க்காமல் வாங்கிய சாக்ஸபோன்

பாசத்தை முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன் அண்ணே. போகப் போக எழுத மனசு வருமோ வராதோ. இது சண்டை போடுவதற்காக எழுதுகிற கடிதம். நீ உயிரோடு இருந்திருந்தால் வாசலில் நின்று கத்தியிருப்பேன், தெருவே வேடிக்கை பார்த்திருக்கும். அந்தக் கொடுப்பினைகூட எனக்கு இல்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டாய்.

புது சாக்ஸபோன் வாங்கிவிட்டேன். கற்றுக்கொள்கிறவர்கள் வைத்திருக்கும் ரகம் இல்லை, பெரிய கச்சேரிக்காரர்கள் வாசிக்கும் மேல் ரகம். உன் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றச் சொன்னார் ராணி மதினி. முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் பெண்டாட்டி தானே போய் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு வந்தார்.

நீ போன பிறகும் நான் கல்யாணங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். உன் இடத்தில் இப்போது செல்வம் தவில் வாசிக்கிறான். நல்ல பையன், கைச் சுத்தம் உண்டு. ஆனால் நீ போனதிலிருந்து ஒரு விஷயம் அசிங்கமாக வெளியே தெரிய ஆரம்பித்தது. சாக்ஸபோனின் அடியாழத்தில் இருக்கிற அந்தக் கீழ்ப் பஞ்சமச் சுரம். நான் இறங்கும்போதெல்லாம் அது கரகரத்து, உடைந்து, மேலே துள்ளிவிடும். முன்பும் உடையத்தான் செய்தது. இப்படிப் பட்டவர்த்தனமாகக் கேட்டதில்லை. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடித்து எல்லோரும் உட்கார்ந்து கேட்கிற நேரம். பஞ்சமம் உடைந்தது. முன்வரிசையில் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர், "ஏனுங்க, பாதியில நின்னுபோச்சுங்களே? பொம்பளைக்கு அவ்வளவு மூச்சு எங்கீங்க இருக்கும்!" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

அவர்மீது கோபம் வரவில்லை அண்ணே. அவர் சொன்னதைத்தானே நீயும் இத்தனை வருஷமாகச் சொன்னாய்?

"ஒனக்கு மூச்சு பத்தல தாயி." எத்தனை தடவை! நம் ஊர் மலைக்கோட்டையைச் சுற்றி விடியக்காலம் ஓடச் சொன்னாய். பனியில் மூக்கு ஒழுக ஓடினேன். டீக்கடையில் நிற்கிற பயல்கள் பாட்டுப் பாடினார்கள், அதையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். தயிர் கூடாது, வாழைப்பழம் கூடாது, ஐஸ் தண்ணீர் கூடாது. கல்யாண வீட்டில் எல்லோரும் பாயசம் குடிக்கையில் நான் சுக்குத் தண்ணீர் குடித்தேன். அப்படியும் பஞ்சமம் உடைந்தது. நீ தலையை ஆட்டி, "பொம்பளப் புள்ள, அம்புட்டுத்தான் முடியும். விடு," என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். அந்த அன்புதான் என் இடுப்பை ஒடித்தது. கீழே இறங்கி வாசிக்க வேண்டிய ராகங்களை ஒவ்வொன்றாக விட்டேன். மதுரையில் ஒரு பெரிய குழுவில் வாசித்துக் காட்ட வரச் சொன்னபோது காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்தேன். நம் உடம்பில் இல்லாததற்கு யாரைக் குறை சொல்வது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து நான் அழுததைப் பார்த்துவிட்டு மதினிதான் கிளம்பினார். "எந்திரி. அந்தப் பழச எடு. அத வாங்குன கடையிலயே குடுத்துட்டு நல்லதா ஒண்ணு எடுப்போம். மூச்சு கம்மின்னா நல்லதுலயாவது செத்த லேசா வரும்ல." பிளவுஸ் தைத்துச் சேர்த்ததை முடிந்துகொண்டு வந்தார். அந்தக் கணக்கெல்லாம் உனக்கு எதற்கு?

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பேண்டு வாத்தியமெல்லாம் விற்கிற அந்தக் கடைக்குப் போனோம். முகூர்த்த மாசத்துக்காக மேல் ரகத்தில் இரண்டு வரவழைத்து வைத்திருந்தார் கடைக்காரர். ஒன்று தங்க முலாம் மாதிரி மின்னியது, உடம்பு முழுக்கப் பூவேலை. இன்னொன்று மங்கலாக, புளி போட்டுத் தேய்க்காத பித்தளைக் குடம் மாதிரி இருந்தது.

"எடுத்துப் பாருங்க, தொட்டுப் பாருங்க. வாய மட்டும் வைக்கக் கூடாது தாயி. எச்சியாயிரும். ஊதிட்டா நீங்கதான் எடுத்துக்கிறணும். அடுத்த ஆளு வாங்க மாட்டாக," என்றார்.

நான் பையிலிருந்து என் மவுத் பீஸை எடுத்துக் காட்டினேன். "அண்ணாச்சி, வாயி படுறது இதுல மட்டுந்தான். இது என்னுது. இதக் கழட்டிட்டா ஒங்களுது ஒங்களுதுதான்."

"காத்து உள்ள போகும்ல? அதுவும் எச்சிதான்." அப்புறம்தான் அதைச் சொன்னார். "ஒங்கண்ணன் இப்படி ஒரு வார்த்தை பேசலயே! ஊதக் கூடாதுன்னேன். சரிங்கன்னு கையக் கட்டி நின்னாரு. நல்ல நேரம் முடியிறதுக்குள்ள பெட்டிய மூடிக் குடுங்கன்னாரு. வாங்கிட்டுப் போயிட்டாரு. தங்கமான மனுசன்."

நீ வீட்டுக்கு வந்து என்ன சொன்னாய்? "ஊதத் தெரிஞ்ச ஆளக் கூட்டிப்போயி, நாலையும் ஊதவிட்டுப் பாத்து, இருக்கிறதுலயே நல்லதா எடுத்தாந்திருக்கேன்." பெட்டியைத் திறந்து சந்தனம் வைத்து, என் கையில் கொடுத்து, இந்த வார்த்தையைச் சொன்னாய். அதனால்தானே வாத்தியத்தின்மேல் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை?

உன் தவிலுக்குத் தோல் வாங்கப் போனால் அரை நாள் தட்டிப் பார்ப்பாயே அண்ணே! இது தொய்வு, அது கட்டை என்று கடைக்காரனை அழவிட்டுத்தானே எழுந்திரிப்பாய்? உன் வாத்தியத்துக்கு அந்தக் கெடுபிடி. தங்கச்சி வாத்தியத்துக்குக் கை கட்டி நிற்கிற மரியாதையா?

உன்மேல் வந்த ஆத்திரத்தைக் கடைக்காரர்மேல் கொட்டினேன். "மார்க்கெட்டுல வெண்டைக்காய நுனி ஒடிச்சுப் பாத்துத்தான வாங்குறோம்? அதுக்கு ஒருத்தரும் வாய் தொறக்கல. இம்புட்டுக் காசுக்கு வாங்குறத மட்டும் கும்புட்டுட்டு வாங்கிட்டுப் போகணுமா?" என் சத்தத்துக்கு வெளியே இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

மதினி முன்னால் வந்தார். "அண்ணே, எங்க வீட்டு ஆம்பள ஒருக்க ஒங்க பேச்சக் கேட்டுட்டுப் போயிட்டாக. நாங்க கேக்குறதா இல்ல. ஒரு ஈரத்துணி குடுங்க, ஊதி முடிச்சதும் நானே தொடச்சு வைக்கிறேன். இல்லையா, சொல்லுங்க, மதுரைக்குப் பஸ் ஏறிக்கிறோம்."

கடைக்காரர் முனகிக்கொண்டே ஷட்டரைப் பாதி இறக்கினார். நாங்கள் ஊதுவதை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாதாம்!

மின்னுகிறதை முதலில் எடுத்தேன். "வீடியோவுல பளபளன்னு விழும்மா," என்றார் கடைக்காரர். மதினியை ஷட்டர் ஓரத்தில் திரும்பி நிற்கச் சொன்னேன். எதை ஊதுகிறேன் என்று பார்க்கக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். வாசிக்கிறவளுக்கு ஒரு மாதிரி கேட்கும், பந்தலில் இருக்கிறவருக்கு வேறு மாதிரி கேட்கும். போனில் சுருதியைப் போட்டுவிட்டு மெதுவாக ஏறினேன். மேலே போகப் போக சுருதியைவிட்டு எகிறியது. உதட்டால் இழுத்துப் பிடித்தால்தான் சேர்ந்தது. கீழே இருக்கிற கீக்களுக்கு என் சுண்டுவிரல் எட்டவே இல்லை. "பல்லு கூசுது புள்ள," என்றார் மதினி திரும்பாமலே.

மங்கலானதை எடுத்தேன். கை போன இடத்தில் கீ இருந்தது. மேலே ஏறினேன், சுருதியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பிறகு கீழே இறங்கினேன். பஞ்சமத்துக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் வயிற்றை எக்கிக்கொண்டு தயாரானேன். வேண்டாம், எவ்வளவு மெதுவாக ஊத முடியுமோ அவ்வளவு மெதுவாக ஊதிப் பார்ப்போம் என்று, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பேசுவது போல ஊதினேன்.

வந்தது அண்ணே. உடையவில்லை. நின்றது. நான் நிறுத்துகிற வரைக்கும் நின்றது.

அதே மவுத் பீஸ், அதே நாணல் ரீட், அதே மூச்சு. கழற்றி நம் பழையதில் மாட்டினேன். அதே மெதுவாக ஊதினேன். கரகரத்து உடைந்தது. திரும்ப மாற்றினேன், நின்றது. திரும்பப் பழையதில், உடைந்தது. கடைக்காரர் முகம் மாறிவிட்டது. திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் லைட்டு ஒரு சரத்தை அவரே கொண்டுவந்து, பழையதின் வயிற்றுக்குள் இறக்கி, கடை விளக்கை அணைத்தார். எல்லாத் துளையையும் விரலால் அழுத்தி மூடிப் பிடித்தேன். ஒரு துளையின் மூடிக்கு அடியில் மட்டும் கோடாக வெளிச்சம் கசிந்தது.

"இது துளையோட விளிம்பே கோணல்மா. செஞ்ச எடத்துலயே இப்படித்தான் வந்திருக்கு. மூடிக்கு அடியில இருக்கிற பேட மாத்துனாலும் ஒக்காராது. நானும் ஊதிப் பாக்கல, வந்த பெட்டிய அப்படியே குடுத்துட்டேன்," என்றார். அவர் ஊதவில்லை. நீ ஊதவிட்டுப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து ஊனமாக இருந்த ஒரு துளைக்கு நான் மலையைச் சுற்றி ஓடினேன்!

என் மூச்சில் ஒரு குறையும் இல்லை அண்ணே. ஒரு நாளும் இருந்ததில்லை. ஓடி ஓடி மூச்சு பெருகிவிட்டது, அதனால் நல்லதுதானே என்று மட்டும் மேலேயிருந்து சொல்லாதே. கொன்றுவிடுவேன்.

ஆட்டோவில் வரும்போது மங்கலானதின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். மதினி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "ஒனக்கு ஒண்ணு தெரியுமா? நீ கீழ எறங்குற எடம் வந்தா ஒங்கண்ணன் குச்சிய ஓங்கி ஒரு அடி அடிப்பாக, ஞாபகம் இருக்கா? ஏங்க அங்க மட்டும் அந்த அடின்னு ஒருநா கேட்டேன். 'புள்ளைக்கு அந்தச் சுரம் ஒடையும், நாலு பேரு காதுல விழுந்தா அதுக்கு மனசு விட்டுப்போகும், அதான் மூடிவிடுறேன்'னாக."

அந்த அடியை ஊரே மெச்சியது. கரெக்டா விழுது பாரு என்று பெரிய பெரிய ஆள்களெல்லாம் சொன்னார்கள். நானும் பெருமைப்பட்டேன். அது என்னை மூடுகிற அடியா?

இதுதான் அண்ணே எனக்குத் தாங்கவில்லை. மூடுவதற்கு அத்தனை வருஷம் கை வலிக்க அடித்தாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய், "என்னய்யா குடுத்திருக்க?" என்று கேட்க வாய் வரவில்லையா? உனக்குச் சந்தேகம் வந்ததா, வந்தும் மூடினாயா? அதையாவது மதினியிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நெஞ்சு வலித்த அன்றைக்கும் இதையேதான் செய்தாய். வாய்வுப் பிடிப்பு என்றாய். பன்னீர் சோடா வாங்கி வரச் சொன்னாய். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று மதினி கெஞ்சியதற்கு, "ஞாயித்துக்கெழம டாக்டர் அவுகளப் போயித் தொந்தரவு பண்ணிக்கிட்டு," என்றாய். தொந்தரவாம்! யாருக்கும் தொந்தரவு கொடுக்காத தங்கமான மனுசன் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தாய். நாங்கள் படுகிறது தொந்தரவு இல்லையா?

போன முகூர்த்தத்துக்குச் சேவுகம்பட்டியில் கல்யாணம். புது வாத்தியத்துக்கு முதல் பந்தல். கீழே இறங்குகிற ராகமாக வேண்டுமென்றே எடுத்தேன். செல்வம் பக்கத்தில் குனிந்து, "அக்கா, அந்த எடத்துல பெரியண்ணன் மாதிரியே ஒரு அடி போட்டுரவா?" என்று கேட்டான். "வேணாம்ப்பா. கைய எடுத்துரு," என்றேன்.

இறங்கினேன். பஞ்சமம் முழுசாக வந்து பந்தலில் நின்றது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டார்கள். என் தோள் மட்டும் தானாகச் சுருங்கியது அண்ணே, இதோ உன் அடி விழப்போகிறது என்று. விழவில்லை. மூச்சு இருந்துகொண்டே இருந்தது, நானும் ஊதிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் நீ செத்துப்போனது எனக்கு உறைத்தது. அத்தனை பேருக்கு நடுவில் கண்ணீர் ஓட ஓட நின்றேன். கல்யாணப் பொண்ணுகூட என்னைத்தான் பார்த்தது.

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணித் தருகிறேன். இனிமேல் மதினி நெஞ்சைத் தடவிக்கொண்டு வாய்வு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், ஞாயிற்றுக்கிழமையோ தீபாவளியோ, ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டி எழுப்புவேன். நல்ல பொண்ணு என்று யாரும் சொல்ல வேண்டாம். உன் பெண்டாட்டியைச் சாகவிட மாட்டேன்.

மூச்சில் எந்தக் குறையும் இல்லாத உன் தங்கச்சி,
வளர்மதி