பதினெட்டு விநாடி

ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள என் மனைவிக்கு,

நீ நம் பெண் வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கேட்டு மனம் சமாதானமாயிற்று. நான் சுகம். மாத்திரைகளை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் பெண் எடுத்தவுடன் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருக்கிறார். உனக்கு மட்டும் சொல்ல நினைத்ததை மேடையேறிச் சொல்வது போல் ஆகிவிடுகிறது. உன் துடுப்புப் போட்டிக்கு வரும் கோச் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டுச் செய்தி அதிகமில்லை. குளியலறைக் குழாயின் ஒழுக்கை நானே வாஷர் மாற்றி நிறுத்திவிட்டேன். நீ செய்து வைத்துவிட்டுப் போனதெல்லாம் தீர்ந்துபோய் இப்போது நானே சமைக்கிறேன். உப்பு விஷயத்தில் எனக்கும் அடுப்புக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

கீழ்வீட்டு டெய்லர் என்னைக் கண்டால் விடுவதில்லை. "அம்மா எப்படி இருக்காங்க? என்னிக்குப் போட்டி? எந்த சேனல்ல காட்டுவாங்க?" என்று அடுக்குகிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனுஷன் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவன் நான். இந்தத் தெருவில் பாதிப் பேர் என் விசிலுக்குப் பயந்து ஓடியவர்கள். நேற்று பேங்க் வரிசையில் என்னிடம் படித்தவன் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் சொல்கிறான்: "இவர் யாரு தெரியுமா? நம்ம துடுப்பம்மாவோட வீட்டுக்காரர்." எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்து என் காதில் விழும்படியே சொன்னான். நானும் சிரித்து வைத்தேன்.

பேப்பரில் வந்த உன் படத்தை டெய்லர் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். படம் எடுத்தவன் அன்று என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, அம்மா கை மறையுது" என்றான் அல்லவா? தள்ளிக்கொண்டேன். ஆனாலும் என் தோள்பட்டை ஓரத்தில் வந்திருக்கிறது. வேறு யாருக்கும் அது யார் தோள் என்று தெரியப்போவதில்லை.

இனி முக்கியமான விஷயம். இரண்டாயிரம் மீட்டரை அங்கே பயிற்சியில் ஒன்பது நிமிஷம் ஏழு விநாடியில் முடித்தாயாம். இங்கே நடந்த தேர்வுப் போட்டியிலும் ஒன்பது ஆறு. வீட்டுத் துடுப்பு மிஷினில் மட்டும் ஒருநாளும் ஒன்பது இருபத்துநாலுக்குக் கீழே வரவில்லையே, எது பொய் சொல்கிறது என்று குழம்பியிருக்கிறாய் என்று நம் பெண் சொன்னாள். "அம்மா பயப்படறாங்கப்பா. அந்த வேகம் தன் வேகமே இல்ல, நடுவுல மூச்சு நின்னுடும்னு சொல்றாங்க. நம்ம மிஷின ஒருதடவ மெக்கானிக்க விட்டுப் பாத்துடுங்க" என்றாள். அழைத்துப் பார்க்கிறேன்.

அதுவரை என் யோசனை இதுதான். வெளியூர் மிஷின்களை நம்பாதே. மண்டபத்துக்கு மண்டபம் காற்று மாறும், சங்கிலி மாறும். வீட்டுக் கணக்குதான் உன் கணக்கு. ஐந்நூறு மீட்டருக்கு இரண்டு நிமிஷம் இருபத்தொரு விநாடி, அதற்கு மேல் வேகம் வேண்டாம். உனக்கு வயது எழுபத்திரண்டு. கூட்டம் கை தட்டும்போது தலைகால் புரியாமல் இழுத்துவிட்டு விழுந்தால் யார் பார்ப்பது? கலந்துகொண்டதே பெரிது.

உன் நலம் நாடும்,
உன் கணவன்.


வியாழக்கிழமை

அன்புள்ள என் மனைவிக்கு,

கோச் கையில் அனுப்பிய கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். அதில் நான் எழுதிய யோசனையை மறந்துவிடு. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். அடுத்த புதன்கிழமைக்குள் கட்டாயம் சேர்ந்துவிடும் என்று கடைக்காரப் பெண் உறுதி சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமைப் போட்டிக்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

மெக்கானிக் நேற்று வந்தார். பக்கத்து மூடியைக் கழற்றினார், சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டார், தான் கொண்டுவந்த கருவியை மாட்டிவிட்டுத் தானே உட்கார்ந்து ஐந்நூறு மீட்டர் இழுத்தார். நம் மிஷினும் அவர் கருவியும் ஒரே நேரத்தைக் காட்டின. மறுபடியும் இழுத்தார், மறுபடியும் அதே. "மிஷின் தங்கமா இருக்கு சார். அரை விநாடி பிசகல. ரீடிங் யாரு பாக்கறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்ப மிஷின விட்டுட்டுக் கண் டாக்டரப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே பையை எடுத்தார்.

அவர் கதவைத் தாண்டுவதற்குள் எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. கண்ணில் புரை விழுந்திருக்கிறது, எண்களைத் தவறாகப் படித்துவிட்டேன் என்று எழுதிவிடலாம். நீயும் நம்பி, என் கண்ணுக்காகக் கவலைப்பட்டிருப்பாய். அப்படியே ஒரு கடிதமும் எழுதினேன். படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. நேரத்தைச் சரியாகப் பார்த்து, உன்னிடம் கூட்டிச் சொன்னேன்.

அந்த மிஷின் எனக்காக வந்தது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த மாதம் நம் பெண் வாங்கி அனுப்பினாள். பத்து நாள் இழுத்தேன். பத்தாம் நாள் அதன் மேல் துண்டைப் போட்டேன், பிறகு அது துண்டு காயப்போடும் மிஷினாயிற்று. ஒரு சாயங்காலம் நீ துணியெல்லாம் மடித்துவிட்டு, "சும்மாதானே கிடக்கு" என்று அதில் உட்கார்ந்தாய். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில்தான் கை. குண்டு எறியும் என் மாணவர்களுக்கு இந்த வரிசையைத் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவனுக்கும் வந்ததில்லை. உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம், முறுக்கிக்கொண்ட ஈரப் போர்வைகளை அந்தப் பெரிய டிரம்மிலிருந்து காலை ஊன்றி இழுத்துப் போட்டவள் நீ. அத்தனை வருஷமும் நான் கேட் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றதுண்டு. உள்ளே வந்து நீ வேலை செய்வதை ஒருநாளும் பார்த்ததில்லை. தெருவில் என்னோடு நடக்கும்போது நீ பின்தங்கினால், "உனக்கு உடம்பு வளையாது, தம் கிடையாது" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கால்கள் அவை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

இரண்டாயிரத்தை நீ முதன்முதலாக முழுசாக இழுத்த நாளில், வியர்வையில் வழுக்குகிறது என்று கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாய். "என்னங்க, எவ்வளவு காட்டுது?" என்று கேட்டாய். ஒன்பது நாற்பத்தொன்று காட்டியது. ஒன்பது நாற்பத்தைந்து என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது சத்தியமாகத் தெரியாது. நீ, "அவ்வளவுதானா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாய். உன் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

அன்று முதல் நேரம் படித்துச் சொல்வது என் வேலையாயிற்று. நாலு விநாடி ஏழாயிற்று, ஏழு பன்னிரண்டாயிற்று. பதினெட்டுக்கு மேல் போனால் உனக்கே சந்தேகம் வரும் என்று அங்கே நிறுத்திக்கொண்டேன். நான் உன் நேரத்தோடு மட்டும் போட்டி போடவில்லை. கோச் உனக்குப் போன் செய்தால் நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லி வைத்துவிடுவேன். நீ மெடல் வாங்கி வந்தபோது ஷோகேசில் என் கோப்பையைத் துடைத்து முன்னால் நகர்த்தினேன். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் இருபத்திரண்டு வயதில் வாங்கிய கோப்பை. அன்று ஓடியவர்கள் மொத்தம் ஐந்து பேர். இதையும் உனக்குச் சொன்னதில்லை.

தேர்வுப் போட்டியன்று மைக்கில் ஒன்பது ஆறு என்று அறிவித்தார்கள். மண்டபமே எழுந்து நின்றது. நீ கோச்சைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் தேடினாய். இறங்கி வந்து, "என்னங்க, தப்பாச் சொல்றாங்க போலிருக்கு. அடுத்தவங்க இடத்த நாம எடுத்துக்கக் கூடாது. போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாய். நான் நடுவர் மேஜைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்து, "சரிதானாம்" என்றேன். நீ இழுத்ததை நம்புவதற்குக்கூட நீ என்னைத்தான் நம்பினாய்.

ஆகவே இப்போது கேட்டுக்கொள். அந்த வேகம் உன் வேகம்தான். கடந்த ஐந்து மாதத்தில், நம் முன்னறையில், நாற்பது தடவைக்கு மேல் ஒன்பது பத்துக்குள் முடித்திருக்கிறாய். முடித்துவிட்டு எழுந்து போய் அரிசி களைந்திருக்கிறாய். உன் மூச்சு நிற்காது. முதல் ஐந்நூறை இரண்டு பதினாறில் தாராளமாக இழு. மூன்றாவது ஐந்நூறில் தொடை எரியும், அதற்குப் பயந்து விட்டுவிடாதே. கடைசியில் இன்னும் மிச்சம் இருக்கும், உனக்கு எப்போதும் மிச்சம் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். இதை நான் மாஸ்டராகச் சொல்கிறேன். அந்த வேலையில் நான் உன்னைத் தவிர வேறு யாரையும் ஏமாற்றியதில்லை.

நம் பெண்ணிடம் இதைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
உன்னிடம் நேரம் சொன்னவன்.


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள என் மனைவிக்கு,

நீ போனில் வருவதில்லை. உன் மேல் குறையில்லை. உன் செய்தியெல்லாம் நம் பெண் வழியாகத்தான் வருகிறது. கூரியர் வியாழக்கிழமை வந்ததாம். தாமதம்தான், ஆனாலும் வந்ததே. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தாயாம். "அப்பா என்னம்மா எழுதியிருக்கார்?" என்று கேட்டதற்கு, "டைம் எழுதியிருக்கார்" என்றாயாம். அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம்.

போட்டியைப் பற்றி அவள் சொன்னது இது. பதினோரு பேர். விசில் அடித்ததுமே நீ எல்லோரையும் விட வேகமாகக் கிளம்பிவிட்டாய். முதல் ஐந்நூறு இரண்டு பதிமூன்று. கோச், "குறைங்கம்மா, குறைங்க" என்று கத்தியிருக்கிறார். நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மா முகத்தப் பாத்து எனக்கே பயமா இருந்துச்சுப்பா. யார் மேலயோ கோவமா இழுக்கற மாதிரி இழுத்தாங்க" என்றாள். யார் மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டு நிமிஷம் ஐம்பத்தெட்டு விநாடி. மூன்றாவது இடம்.

உன்னிடம் இனி கூட்டியும் குறைத்தும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருப்பதால் இதையும் எழுதுகிறேன். அதைக் கேட்டவுடன் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தப் பழைய எரிச்சல்தான் வந்தது. போனை வைத்துவிட்டு முன்னறைக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு வயிற்றெரிச்சல் இருக்கலாமா என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷம் வந்தது பிறகுதான், மெதுவாகத்தான். ஆனால் வந்தது.

கீழே இறங்கிப் போய் டெய்லரிடம் நானே முதலில் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எல்லாம் மாஸ்டர் குடுத்த ட்ரெய்னிங்தானே!" என்றார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எத்தனை மாதமாக நான் காத்திருந்த வார்த்தை அது, உனக்குத் தெரியும். "நான் இல்லாம இருந்திருந்தா இன்னும் சீக்கிரமே வந்திருப்பாங்க" என்றேன். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

டிக்கெட்டை ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டீர்கள் என்று தெரிந்தது. "அம்மா கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்ப்பா" என்றாள். இரு. அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கிளப் இருக்கிறதாம், நீ தினமும் காலையில் போகிறாயாம். நேரம் படித்துச் சொல்பவர் ரிடையரான பல் டாக்டர் ஒருவராம், மனைவியை இழந்தவராம், நன்றாகப் பேசுவாராம். இதை அவள் விவரமாக ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. அவர் பார்த்தபடி சொல்வார், அது போதும் என்று இருக்க முயற்சி செய்கிறேன். முடியவில்லை.

மன்னிப்பு கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். ஐம்பது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. எனக்கு வேறு ஒன்று வேண்டும். அந்தக் கடைசி ஐந்நூறு மீட்டரைப் பற்றி நம் பெண்ணுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாளாம். கோச்சுக்குப் போன் செய்தால் சொல்வார், நான் செய்யவில்லை. எந்த இடத்தில் தொடை எரிந்தது, பக்கத்தில் இருந்தவளை எப்போது தாண்டினாய், கைப்பிடியை விட்டதும் முதலில் என்ன நினைத்தாய், எல்லாம் உன் வாயால் கேட்க வேண்டும். உன் வேலையைப் பற்றி நான் உன்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான் என்று எழுதும்போதுதான் உறைக்கிறது.

கடிதமாக எழுதினாலும் சரி. வந்து சொன்னால் இன்னும் நல்லது. எவ்வளவு நேரம் சொன்னாலும் குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேட்கிறேன். உன் கைகளும் கால்களும் நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும்.

காத்திருக்கும்,
உன் கணவன்.