பெட்டி கட்டுவதற்கு முன்

அன்புள்ள சில்லு,

இங்கே எல்லோரும் நலம், என் தலைக்குள் மட்டும் ஒன்றும் சரியில்லை. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்பாய், நான் உளறிக் கொட்டுவேன். எழுதினாலும் உளறல்தான், குறுக்கே பேச ஆள் இல்லாத உளறல்.

மாதக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், பெட்டியைக் கட்டிவை என்று அப்பா சொன்னாரே, அதற்குக் காரணம் நான்தான். பொண்ணு என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் உன் அத்தையிடம் கணக்கு என்றேன், எதிர்வீட்டு டீச்சரிடம் கதை கவிதை என்றேன், நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப் மேனேஜரிடம் நட்சத்திரம் என்றேன். மூன்றும் உன் படிப்பில் உண்டு என்று நீ சொன்னதுதானே! போன வாரம் அத்தை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தாள். அதே பெஞ்சில் டீச்சர். மேனேஜர் வேறு, நட்சத்திரம் படிக்கிற பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அத்தைக்கு ஏற்கெனவே பசி. பெற்ற தாய்க்கே தெரியாத படிப்பு என்ன படிப்பு என்று நேரே உன் அப்பாவின் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பட்டறைக்குப் போய்விட்டாள். மறுநாளே இங்கே பார்மசி படிப்பில் உனக்கு இடமும் பேசிவிட்டாள்.

அப்பா உனக்குப் போன் செய்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். நீ அழுவாய், கத்துவாய் என்று காத்திருந்தேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வேண்டாம் என்றதற்குக் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, எங்களைப் பல் தேய்க்கக்கூட விடாதவள்தானே நீ? ஆனால் நீ, அப்பா நீங்க எதுக்குப் பயப்படறீங்க என்று கேட்டாயாம். அதட்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்ததாம். அவர் போனை வைத்துவிட்டார். அப்புறம் ஒரு ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நேற்றுக் காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவராகவே வந்து, நமக்கப்புறம் அவ யார்கிட்டயும் கையேந்தி நிக்கக் கூடாது, அதுதான் என் பயம் என்றார். உடனே, நீ என்ன நினைக்கிற என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். உன் படிப்பைப் பற்றித்தானாம். கல்யாணமான நாளிலிருந்து உப்பு போதுமா என்பதைத் தவிர அவர் என்னை எதுவும் கேட்டதில்லை, சில்லு. அதையும் நான் கேட்பேன், அவர் பதில் சொல்வார். யோசிச்சுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு லேபுக்கு ஓடிவிட்டேன். அங்கே வரிசையில் நின்றவரிடம் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்டுத் தொலைத்தேன். சுகர் இருக்காதுன்னுதான் நினைக்கிறேன் என்றார் பாவம்.

அத்தை சொல்வதிலும் தப்பில்லை. பார்மசி படித்தால் வேலை நிச்சயம். உன் படிப்பு சோறு போடுமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு யாராவது கேட்டாலும் திருதிருவென்றுதான் விழிப்பேன். ஆனால் அப்பாவிடம் அப்படிக் கேட்க உனக்கு எங்கே சொல்லிக்கொடுத்தார்கள்? கணக்கிலா, கதையிலா, நட்சத்திரத்திலா? எனக்கு அது புரியவே மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் பெருமையாக இருக்கிறது. உன்னிடம் பேச இனிமேல் எனக்கு வார்த்தை போதுமா என்றும் பயமாக இருக்கிறது.

இன்று காலையும் அப்பா கேட்டார். நான் சொல்லாமல் உன்னைக் கூட்டிவரக் கிளம்ப மாட்டாராம். அத்தையிடமும் அப்படியே சொல்லிவிட்டார். அவள் என்னோடு பேசுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நீ நல்லா இருப்பாய். எனக்கு யோசித்துப் பழக்கமில்லை, அதனால் நாளாகும். ரொம்ப நாளாகும் என்றுதான் தோன்றுகிறது. பெட்டியைக் கட்டியிருந்தால் அவிழ்த்து வை.

இப்படிக்கு,
உன் அம்மா