சீர்த்தட்டில் வந்த கிட்டி

கோலியனூர்,
14.02.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தச் சர்க்யூட் பலகையையே கடித்துக்கொண்டு கிடக்கிறாயா? நாங்கள் எல்லோரும் நலம். உன் மருமகள் பொன்னிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வாய் மட்டும் முப்பது வயதுக்காரி வாய்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. போனில் உன்னோடு பேச உட்கார்ந்தால் என் மாமியார் "ஸ்பீக்கர்ல போடும்மா, உங்கண்ணன் இன்னா சொல்லுதுன்னு நானும் கேட்டுக்கினு இருக்கேன்" என்று பக்கத்தில் வந்துவிடுகிறார். நல்ல மனுஷிதான். ஆனால் எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் பேச முடியுமா? அதனால் அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். பதிலையும் அங்கன்வாடி முகவரிக்கே போடு.

விஷயம் இதுதான். நீ செய்கிற வீடியோ கேம் பெட்டி, அந்தக் கிட்டி, அதன் மேல் உன் மாப்பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மொபைல் கடையை ஒழித்துவிட்டு, விழுப்புரம் மாவட்டத்துக்கே கிட்டி டீலர் ஆகப்போகிறாராம். ஊரில் ஆளுக்கு ஒரு போன் இருக்கிறது. அதில் இல்லாத ஆட்டமா உன் பெட்டியில் இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. நீ உன் தொழிலை எப்படியாவது பண்ணு. ஆனால் உன் தொழிலும் என் குடும்பமும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்தால் நான் யார் பக்கம் நிற்பேன்?

இன்னொன்று. பொன்னிக்கு ஐந்து வயதில் பிரம்மதேசம் பக்கத்தில் இவர்கள் குலசாமி கோயிலில் காது குத்துவதாக வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீ ஒருவன்தான். உன் மடிதான் அவளுக்குப் பலகை. அதற்குள் ஒரு கல்யாணமும் பண்ணிக்கொள்.

உன் தங்கை,
கலை

*

திண்டிவனம்,
22.02.2023

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது தபால்காரரே அதிசயப்பட்டார். "இன்னா சார், பேங்க் நோட்டீசு இல்லாம கைப்பட எழுதின லெட்டரு வந்துக்கினு கீது" என்றார்.

பயப்படாதே. போனில் ஆடுகிறவன் மூலையில் தனியாக உட்கார்ந்து ஆடுகிறான். கிட்டி அப்படி இல்லை. டிவியில் சொருகி, ஒரு பிடியை நீ வைத்துக்கொள், இன்னொன்றை உன் மாமியாரிடம் கொடு. அவரைக் கபடியில் தோற்கடித்துவிட்டு எனக்கு எழுது.

எனக்குப் பிடித்தது பஸ் ஆட்டம். திண்டிவனத்தில் வண்டியை எடுத்தால் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வரை சாலை வரைந்துவிட்டோம். கண்டக்டர் குரல் என்னுடையது. விழுப்புரம், பெட்டியில் சொருகுகிற அடுத்த ஆட்ட அட்டையில் வரும். அதுதான் எங்கள் கணக்கே. பெட்டியை அடக்க விலைக்கும் கீழேதான் விற்கிறோம். ஆடுகிறவர்கள் புதுப்புது ஆட்ட அட்டைகளை வாங்கிக்கொண்டே இருப்பார்கள், லாபம் அதில் வரும். எனக்கும் வரும், வல்லரசு மாப்பிள்ளைக்கும் வரும்.

என் மடி எங்கேயும் போகாது. பொன்னிக்குக் கம்மல் என்ன மாதிரி வேண்டும் என்று இப்போதே கேட்டு வை.

அண்ணன்,
செல்வகுமார்

*

கோலியனூர்,
02.06.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தோற்றேன், நீ ஜெயித்தாய். உனக்கு எழுதக்கூட நேரம் இல்லை, அப்படி ஓடுகிறது கடை.

கடை திறந்த அன்று முதல் பெட்டிக்கு நான்தான் பொட்டு வைத்தேன். பொன்னி சும்மா இருப்பாளா? மஞ்சள் கிண்ணத்தில் கையை முழுசாக முக்கி, பெட்டியின் அடியில் அப்படியே ஒரு அப்பு அப்பிவிட்டாள். நான் துடைக்கப் போனேன். "உடு, குழந்த கைராசி" என்று சொல்லி அதன் மேலேயே கண்ணாடித்தாளைச் சுற்றிவிட்டார் இவர். வளவனூர்க்காரர் ஒருவர் தங்கை பிள்ளை காதுகுத்துக்கு என்று அதை வாங்கிப் போனார்.

அதைப் பார்த்துத்தான் இவருக்கு மூளை வேலை செய்தது. எல்லாப் பெட்டிக்கும் கண்ணாடித்தாள், தங்கக் கலர் ரிப்பன், மேலே "தாய்மாமன் சீர்" என்று ஒரு ஸ்டிக்கர். அவ்வளவுதான். வைகாசி முகூர்த்தத்துக்கு மாமன்மார்கள் வரிசையில் நிற்கிறார்கள். வாழைப்பழத் தட்டு, புடவைத் தட்டு, அதற்கு அடுத்து கிட்டித் தட்டு. கிட்டி இல்லாத சீர் ஒரு சீரா என்று பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது. போன ஞாயிறு ஒரு மண்டபத்தில் இரண்டு மாமன்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து, யாருடையதை முன்னால் வைப்பது என்று சண்டையே போட்டார்கள்.

உன் மாப்பிள்ளை இப்போது வீட்டில் விசில் அடித்துக்கொண்டு நடக்கிறார். "உங்கண்ணன் மூள, என் வாயி" என்கிறார். கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

கலை

*

திண்டிவனம்,
24.07.2023

அன்புத் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை யோசனையைத்தான் இப்போது கடலூர், கள்ளக்குறிச்சி டீலர்களும் காப்பியடிக்கிறார்கள். பெட்டி செய்து மாளவில்லை. பெரிய ஷெட்டுக்கு மாறிவிட்டோம். பணம் போட்ட சென்னைக்காரர்கள் வந்து மாலை போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒரு விஷயம் இடிக்கிறது. ஆட்ட அட்டை செய்தது செய்தபடி கிடக்கிறது. பெட்டி பறக்கிறது, அட்டையைத் தொட ஆள் இல்லை. ஆட்டம் பிடிக்கவில்லையா, பிடி உடைந்துபோகிறதா, ஒன்றும் விளங்கவில்லை. நீ அங்கன்வாடி வேலையாக வீடு வீடாகப் போகிறவள். கிட்டி வாங்கினவர்கள் அதை எப்படி ஆடுகிறார்கள் என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.

அண்ணன்

*

கோலியனூர்,
10.08.2023

அன்புள்ள அண்ணா,

பார்த்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யாரும் ஆடவில்லை. ஏனென்றால் யாரும் பிரிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு எடை பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் கிட்டி இருக்கிறது. கண்ணாடி அலமாரியில், பீரோ மேல், ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில். ரிப்பன்கூட அவிழவில்லை. அஞ்சம்மாள் என்று ஒரு பெண், அவள் மகன் அவள் காலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "ஏம்மா, பிள்ளைக்குத்தானே வாங்கிக் குடுத்தாங்க, பிரிச்சிக் குடேன்" என்றேன். "அது எப்டி டீச்சர், எங்கண்ணன் சீருல வெச்சதாச்சே. பிரிச்சா ரெண்டு நாள்ல ஒடச்சிப்புடுவான். வர்றவங்க போறவங்க பாக்கட்டும்" என்றாள். அவளோடு சண்டைக்கே போய்விட்டேன். ஆடுவதற்குச் செய்த சாமானைப் பூட்டி வைக்க உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே மோர் கொடுத்தாள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

இவரிடம் சொன்னேன். "வித்துப்போச்சு இல்ல, அப்புறம் அவங்க பிரிச்சா இன்னா, பிரிக்காட்டி இன்னா" என்கிறார். இதோ ஆடி முடியப்போகிறது, ஆவணி முகூர்த்தத்துக்கு என்று கடை கொள்ளாமல் சரக்கு இறக்கிவிட்டார். தடுக்க என்னால் முடியவில்லை.

ஏதாவது செய் அண்ணா.

கலை

*

திண்டிவனம்,
18.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்குத் திட்டாதே. எழுத ஒன்றும் நல்லதாக இல்லை.

எல்லாம் செய்து பார்த்தோம். ரிப்பன் வேண்டாம் என்றோம், டீலர்கள் கேட்கவில்லை. ஊர் ஊராக டிவி வைத்து ஆடிக் காட்டினோம். கூட்டம் கூடி ஆடியது, கைதட்டியது, வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் துடைத்து அதே இடத்தில் வைத்தது. பிறகு சீர்த்தட்டில் வேறு சாமான் வந்துவிட்டது. இந்த வருஷம் ஏர் ஃப்ரையராம். கிட்டியைக் கேட்க நாதியில்லை. ஆடினவர்கள் இருந்தால் அவர்களாவது இன்னும் வேண்டும் என்று வந்திருப்பார்கள். ஆடினவர்களே இல்லையே.

சென்னைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஷெட்டை மூடியாகிவிட்டது. மாப்பிள்ளை கடையில் தேங்கிய சரக்கைத் திரும்ப எடுக்க எனக்கு வழி இல்லை. கேட்டுக் கேட்டு அவர் இப்போது போன் பண்ணுவதையே விட்டுவிட்டார். அதுதான் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். சீர் யோசனை அவருடையது என்று நீ வாய் தவறிக்கூட வீட்டில் சொல்லாதே. பெட்டி போவதைப் பார்த்து நானும்தான் பல்லைக் காட்டினேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும், உன்னைத் திட்டாமல் இருந்தால் சரி.

நேற்று ஷெட்டைக் காலி செய்யும்போது ஒரு பெட்டியை மாட்டி பஸ் ஓட்டினேன். முண்டியம்பாக்கத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வெறும் வெள்ளை. விழுப்புரத்தை நாங்கள் வரையவே இல்லை.

அண்ணன்

*

கோலியனூர்,
12.09.2024

அண்ணனுக்கு,

கடையை மூடிவிட்டோம். இவர் அதே பஸ் ஸ்டாண்டில் இன்னொருவர் மொபைல் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறார். விசில் இல்லை. சாப்பிடும்போதுகூடத் தலை நிமிர்வதில்லை. அவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது, உன்னை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருக்கிறது. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் அங்கன்வாடிப் பிள்ளைகளைக் கோபிக்கிறேன்.

பொன்னிக்குத் தை மாதம் கடைசி ஞாயிறு காதுகுத்து. தேதி வைத்த கையோடு இவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "உங்கண்ணன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது. கோயிலுக்கும் வரக் கூடாது." மாமியார்கூட "தாய்மாமன் இல்லாம எப்டிடா" என்று கேட்டுப் பார்த்தார். இவர் எழுந்து போய்விட்டார்.

நீ ஒரு தடவை நேரில் வந்து அவரிடம் பேசு. காலில் விழு என்று சொல்ல மாட்டேன். ஆனால் விழுந்தாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். எனக்கு இருப்பது நீ ஒருவன்.

கலை

*

திண்டிவனம்,
03.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு மாதமாகத் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போன வாரம் வந்தேன். உனக்குத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளை நிற்கும் கடைக்கு நேராகப் போனேன்.

"இன்னாத்துக்கு வந்தீங்க" என்றார். "பொன்னி காதுகுத்துக்கு நான் வரணும் மாப்ள, என்னை எவ்ளோ வேணும்னாலும் திட்டுங்க" என்றேன். அவர் திட்டவில்லை. கவுண்டரில் இருந்த போனைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கடையில போன் வாங்கினவனெல்லாம் இங்க வந்து, இன்னா வல்லரசு, ஓனரா இருந்தியேன்னு கேட்டுக்கினு போறான். உங்க மடியில என் பொண்ண உட்கார வெச்சிட்டு, அத்தினி பேரு முன்னாடி நான் எங்க போய் நிக்கறது, சொல்லுங்க."

சீர் யோசனை உங்களுடையதுதானே என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டேன். அதற்குள் முதலாளி கூப்பிட்டார், அவர் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றேன். கோலியனூர் பஸ் என் கண் முன்னால் போனது. ஏறவில்லை.

பொன்னி கேட்ட மாதிரியே மயில் வைத்த கம்மல் செய்து வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். யார் வாங்கியது என்று சொல்ல வேண்டாம். அவள் காதில் ஏறினால் எனக்குப் போதும்.

அண்ணன்

*

கோலியனூர்,
12.02.2025

என் அண்ணனுக்கு,

காதுகுத்து முடிந்தது. பொன்னி ஒரு காதுக்கு அழுதாள், இன்னொரு காதுக்கு ஆசாரியைக் கடித்துவிட்டாள். நம் பெரியப்பா மகன் கோகுலகிருஷ்ணன் மடியில் உட்கார வைத்தார்கள். "செல்வா மாமா எங்க?" என்று அவள் சத்தமாகக் கேட்டாள். மேளக்காரர் நல்லவர், அந்த நேரத்தில் வேகமாக வாசித்தார்.

கோகுலகிருஷ்ணன் அண்ணன் கொண்டுவந்த தட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். பழம், புடவை, வெல்லம். அடுத்த தட்டில் கிட்டி. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் கூச்சத்தோடு, "தப்பா நெனைக்காதம்மா, எங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு யாரோ வெச்சது. பிரிக்காம அப்டியே வெச்சிருந்தேன்" என்றார்.

கண்ணாடித்தாள், ரிப்பன் எல்லாம் அப்படியே. திருப்பிப் பார்த்தேன். அடியில் மஞ்சள் கை. மூன்று வயதுப் பொன்னியின் கை. எத்தனை வீடு போனதோ, எத்தனை தட்டு ஏறியதோ, எங்கேயும் பிரியாமல் அவள் காதுகுத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. உன்னை வரவிடவில்லை. உன் பெட்டியை யாராலும் தடுக்க முடியவில்லை. தட்டை வைத்துக்கொண்டு அழுதேன் அண்ணா. எல்லோரும் பிள்ளைக்கு வலிக்கிறதே என்று அழுகிறேன் என நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் அதைப் பார்த்தார். பொன்னியைக் கூப்பிட்டு, அவள் கையை அந்த மஞ்சள் கையின் மேல் வைத்துப் பார்த்தார். இப்போது கை பெரிதாகிவிட்டது. மனசு இளகுகிறது என்று நினைத்தேன். உன் பேச்சை எடுத்தேன், கம்மல் வந்திருப்பதையும், நாம் எழுதிக்கொள்வதையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "திருப்பி அனுப்பிடு. லெட்டரும் வேணாம். எனக்குன்னு ஒரு ரோசம் மிச்சம் இருக்குது, அதையும் கேக்காத" என்றார். குரல் உடைந்துவிட்டது அவருக்கு. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

கம்மலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொருத்தமாக இருந்தது. இனிமேல் இந்த முகவரிக்கு எழுதாதே. நானும் எழுத மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

பொன்னி காலையிலிருந்து பெட்டியைப் பிரிக்கச் சொல்லி உயிரை எடுக்கிறாள். அதில் உன் குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கத்தரிக்கோலைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "வேணாம் கண்ணு, அது மாமன் சீருல வந்தது. பிரிக்கக் கூடாது."

பீரோ மேல் ஏற்றி வைத்துவிட்டேன்.

உன் தங்கை,
கலைப்பிரியா