மேடேறியதும் பத்தடி சமதளம் வேண்டி நான்காவது மனு

அனுப்புநர்:
டிராக்டர் ஓட்டுநர்,
படிப்பு ஐந்தாம் வகுப்பு.

பெறுநர்:
உயர்திரு சாலைப் பொறியாளர் அவர்கள்,
நெடுஞ்சாலை அலுவலகம்.

பொருள்: வயல் பாதை தார்ச்சாலையில் ஏறும் இடத்தில் வண்டி நிறுத்த இடம் கேட்பது.

மதிப்புமிக்க ஐயா,

1. முந்தைய மூன்று மனுக்களும் தங்கள் அலுவலகத்தில் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இது அவற்றுக்குத் தம்பி.

2. டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு. வயலில் தனித்தனியாக விட்டிருப்போம். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சட்டென்று திரும்பும். சாலைக்கு வந்தால் இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்க்க வேண்டும். எங்கள் மேட்டின் அடியில் குறுகிய இடத்தில் திரும்ப ஒற்றை மிதிதான் உதவும். சரிவில் சுமையோடு நின்றால் வண்டி பின்னுக்கு உருளும். ஆகவே மேலே ஏறி, சாலையோரம் நிறுத்திக் கொக்கி போடுவோம். சாலையை அகலமாக்கியபோது அந்த ஓரம் வண்டி நிற்க முடியாத நாலடியாகச் சுருங்கிவிட்டது. இப்போது ஓடுகிற வண்டியிலேயே குனிகிறோம். தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

3. போன மாதம் என் அக்காள் வீட்டுக்காரர் அப்படிக் குனிந்த நேரம் எதிரே பேருந்து. பதறி ஒரு மிதியை மட்டும் மிதித்துவிட்டார். வண்டி பேருந்தைப் பார்த்தே திரும்பிக் கவிழ்ந்தது. பேருந்துக்காரர் ஸ்டியரிங்கை ஒடித்ததால் பயணிகள் தப்பினார்கள். மச்சானுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. “மாமியார் என்று என் அம்மா உங்கள் வீட்டுக்கு வந்தபோதுகூட நீங்கள் இப்படி எதிரே போய் வரவேற்றதில்லையே” என்று ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டேன். எப்போதும் சிரிப்பவர், சிரிக்கவில்லை. விபத்து அறிக்கையில் ‘ஓட்டுநர் கவனக்குறைவு’ என்று எழுதியிருந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். “கொக்கி போடத்தான் குனிஞ்சேன் மாப்ளே. அதை மட்டும் எழுதிப் போடு” என்றார். எழுதிவிட்டேன், ஐயா.

4. மூன்றாவது மனுவுக்குத் தங்கள் ஆட்கள் வந்து அளந்தார்கள். மிச்சமிருந்த நாலடி ஓரத்திலும் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை நட்டுப் போனார்கள். நல்ல பெரிய எழுத்து, எனக்கே வாசிக்க முடிகிறது.

5. திங்கள் முதல் அறுவடை. அதே வண்டியை நிமிர்த்தி, பழுது பார்த்து என்னிடம் தந்திருக்கிறார்கள். ஒரு நாளில் எட்டு முறை மேடேற வேண்டும். ஓட்டாதே என்கிறாள் அக்காள். இரண்டு வீட்டுக்கும் ஓட்டத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.

திங்களுக்குள் ஆகாது என்று தெரியும். இருந்தாலும் அந்தப் பலகையைத் தள்ளி நட்டு, இரண்டு லோடு மண் கொட்டிக் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது மனு வேறொருவர் கையெழுத்தில் வந்தால், அதையாவது பிரித்துப் படிக்க வேண்டுகிறேன்.

இடம்: வண்டிக் கொட்டகை
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருந்து பழகிய,
(கையொப்பம்)
டிராக்டர் ஓட்டுநர்