டாக்டர் ஏறச் சொன்ன இரண்டு படி

1963 ஐப்பசி, வியாழன் இரவு.

இன்று அவருடைய நெஞ்சுவலிக்காகத் திருச்சி டாக்டரிடம் போய் வந்தோம். இரண்டே படி வைத்த ஒரு மரப்பெட்டி மேல் அவரை ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரச் சொன்னார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடியேதான் ஏறினார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. கை நெஞ்சுக்குப் போனது. உடனே படுக்கவைத்து, மார்பில் ஒயர்களை மாட்டிப் படம் எடுத்தார்கள்.

"ரத்தக்குழாய்ல அடைப்பு அதிகம்னு தெரியுது. இனிமே மாடிப்படி ஏறவே கூடாது" என்றார் டாக்டர்.

திரும்பும்போது காவிரிப் பாலம் முழுக்க அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாமியார் சாயங்காலமே அவர் படுக்கையைக் கூடத்தில் தம்பிகள் இருவருக்கும் நடுவில் போட்டுவிட்டார். தப்புச் சொல்ல முடியாது. ஆனால் பதினோரு பேர் இருக்கிற இந்த வீட்டில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ள மாடி அறை ஒன்றுதானே இருந்தது? கீழே நான் அவருக்குச் சோறு போடுகிறவள், அவ்வளவுதான்.

வேலை முடிந்து மாடிக்குக் கிளம்பினால், மாடிப்படியில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க இது? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"அவரே ஏறச் சொன்ன ரெண்டு படிதான். உக்காரு."

எல்லாரும் பார்க்கப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது கீழே மூன்று பேர் குறட்டை விடுகிறார்கள். அதில் அவருடையது எது என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்.