போனுக்கு ஊட்டிய கேக்

இல்லை மச்சான், நான் சொல்லிக்கொடுத்து நம் மகள் ஹனா அப்படிச் செய்யவில்லை. நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே முதல் துண்டு கேக்கைப் போனுக்கு ஊட்டப் போனாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் அத்தாவான நீங்கள் துபாயிலிருந்து அதற்குள்தானே வந்தீர்கள்?

"நாவல் படிக்கத் தெரியுது, கேக் சுடத் தெரியுது, புள்ளைக்கு அத்தாவக் காட்டத் தெரியலையா?" என்று கத்தினீர்கள். கேக் டின், கிரீம் கோன், நாவல்கள் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டேன். இனி எதிலும் மனம் போகாது.

அவளுக்கு ஊசி போடப் பெரம்பலூர் போகிறோம். மீன் ஆணம் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுப் பத்ருன்னிசா மாமியிடம் கொடுங்கள்.

ஃபஹ்மிதா

துபாய் திரும்பும் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றப் போவதாகச் சொன்னீர்களே. அவளுக்கு உங்கள் முகம் பழகும்வரையாவது இருங்களேன், மச்சான்?